நீலம் படாத இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் என் வேலையில் கெட்டிக்காரி. இருபத்தாறு வருடமாகப் பல்செட் செய்கிறேன். பல் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்சு எடுத்துக் கொடுப்பார். அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்ப்பது, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு வரிசை கட்டுவது, பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரோஸ் நிற ஈறை நிரப்பி மெருகேற்றுவது எல்லாம் பின் அறையில் நான் ஒருத்தி. என் பல்லைப் போட்டுக்கொண்டு வேர்க்கடலை கொறிக்கிற கிழவர்கள் உண்டு. அதனால் நான் இனிச் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பாவம், கை தவறியிருக்கும் என்று யாரும் எனக்குப் பரிந்து பேச வேண்டாம்.

புதுப் பல்செட் யாருக்கும் முதல் நாளே சரியாக உட்காராது. எங்கோ ஒரு பல் மயிரிழை தூக்கிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நீலத் தாள் இருக்கிறது. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே அதை வைத்து, கடிங்க என்போம். எந்தப் பல் உயரமோ அதில் நீலம் அழுத்தமாக ஒட்டும். ஒட்டின இடத்தை மெஷினால் தேய்க்க வேண்டும். மறுபடி தாள், மறுபடி கடி, மறுபடி தேய்ப்பு. எல்லாப் பல்லிலும் நீலம் ஒரே மாதிரி விழுந்தால் வேலை முடிந்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை, நீலம் காட்டுகிற இடத்தில் தேய்த்தால் போதும்.

அத்தானுக்கு மட்டும் நான் நீலம் படாத இடத்தில் தேய்த்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்து வாரம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் மைக்கில் பேசிப் பழகிய மனிதர், வீட்டிலும் அப்படித்தான். குளிக்கப் போவதைக்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போவார். தெருவில் அவருக்கு மைக்காரர் என்றே பெயர். நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். நாற்பத்தெட்டு வயதாகியும் அங்கே எனக்குப் பெயர் குட்டி. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே குளியலறை. ஆனால் இருபத்து மூன்று வருடமாக நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அக்கா, அவரைச் சாப்பிட வரச் சொல்லு" என்பேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். குட்டியை விளக்கை அணைக்கச் சொல் என்று அவரும் அக்காவிடம்தான் சொல்வார். நடுவில் அக்கா தபால்காரி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன பகை என்று சொல்கிறேன். எனக்கு இருபத்தைந்து வயதில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கட்டட வரைபடம் போடுகிறவர். இரண்டு முறைதான் பார்த்துப் பேசினோம். இரண்டாவது முறை நான் பேச்சுவாக்கில் அரை மணி நேரம் பல்லைப் பற்றியே பேசிவிட்டேன். வேறு யாராவது என்றால் கொட்டாவி விட்டிருப்பார்கள். அவர் கேள்வி கேட்டார். கடைவாய்ப் பல்லுக்கு ஏன் அத்தனை மேடு பள்ளம் என்று கேட்டார். அதிலேயே நான் விழுந்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது அவர்கள் வீட்டுக்கு ஒரு போன் போனது. பெண்ணுக்கு வலிப்பு நோய், மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று. எனக்கு ஆறு வயதில் காய்ச்சல் கூடி ஒரே ஒரு தடவை வெட்டி இழுத்தது உண்மைதான். அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு போய் நின்றோம். மாப்பிள்ளையின் அம்மா எங்களை வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பினாள். அவர் உள்ளே இருந்தார், செருப்பு வெளியே கிடந்தது. வெளியே வரவில்லை.

அந்த ஆறு வயதுச் சங்கதி தெரிந்தவர்கள் மூன்றே பேர். அம்மா, அக்கா, அக்கா சொல்லித் தெரிந்துகொண்ட அத்தான். அம்மா அப்போது ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்ப் படுக்கையில் கிடந்தாள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்க அத்தானுக்குத்தான் வாய் நிக்காதே குட்டி, எங்க போய் உளறினாரோ" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. நரம்பில்லாத நாக்கு நாலு விதமாகவும் பேசும் என்பார்கள். அது பேசினதில் என் வாழ்க்கை போயிற்று.

அம்மாவை அடுத்த பதினோரு வருடம் நான்தான் பார்த்தேன். காலையில் துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிட்டு வேலைக்கு ஓடுவேன். மத்தியானம் வந்து புரட்டிப் படுக்கவைத்துவிட்டு மறுபடி ஓடுவேன். அக்காவுக்கு இடுப்பு வலி, அதோடு வாடை ஆகாது, தலை சுற்றும். அம்மா போனபோது எனக்கு முப்பத்தாறு. அதற்கு மேல் யாரும் எனக்கு மாப்பிள்ளை பார்க்கவில்லை. அந்தப் பதினோரு வருடமும் அம்மாவின் மலத்தை அள்ளும்போதெல்லாம் நான் அத்தானின் வாயைத்தான் நினைத்தேன்.

அந்த வாய் போன வருடம் என் மேசைக்கே வந்து சேர்ந்தது.

அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. மாற்றியாக வேண்டும், மாற்றாவிட்டால் ஒரு வருடம் தாங்கினால் அதிகம் என்றார் பெரிய டாக்டர். ஆனால் சொத்தையும் சீழுமாக இருக்கிற பல்லை வைத்துக்கொண்டு நெஞ்சைத் திறக்க முடியாது, கிருமி அங்கே போய்விடுமாம். மிச்சமிருந்த பதினான்கு பல்லையும் டாக்டரம்மா பிடுங்கினார். ஈறு ஆறுகிறவரை கஞ்சியும் சூப்பும் குடித்து ஆள் பாதியாகிவிட்டார். பெரிய டாக்டர் எடை பார்த்தார், ஐம்பத்தாறு கிலோ. அறுபது கிலோவாவது காட்டினால்தான் உடம்பு தாங்கும், காட்டிவிட்டுத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆக, எல்லாம் பல்லில் வந்து நின்றது. பல் வந்தால் சாப்பாடு, சாப்பிட்டால் எடை, எடை ஏறினால் ஆபரேஷன், ஆபரேஷன் நடந்தால் உயிர். அக்கா இதை என்னிடம் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். நீ இருக்கும்போது வேறு எங்கே போவோம் என்றாள்.

நான் மறுத்திருக்கலாம். ஊரில் என்னைத் தவிரப் பல் செய்கிறவர்கள் இல்லையா என்ன? மறுக்கவில்லை, தயாராகக் காத்திருந்தவள் மாதிரி சரி என்றேன். பல்லை முதலில் ஒழுங்காகத்தான் நட்டேன், அதில் என் கைக்கு வேறு பழக்கம் கிடையாது. ஈறு நிரப்புவதற்கு முந்தின மத்தியானம், இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டுக்கும் அடியில் மெழுகைச் சூடுகாட்டி இளக்கி ஒரு மயிரிழை தூக்கினேன். கை தானாகச் செய்துவிட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கை தானாக ஒன்றும் செய்வதில்லை.

பல்லை மாட்டிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியது டாக்டரம்மா. ஆனால் அவருக்கு மணிக்கட்டு வலி. பல வருடமாகவே அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டிருந்தார். கதவுக்கு வெளியே நின்று தலையை மட்டும் நீட்டி, எல்லாம் ஓகேயா என்று கேட்பார். ஓகே டாக்டர் என்பேன். கார்டில் கையெழுத்து விழும். உன் கை என் கையைவிட நல்ல கை என்று அடிக்கடி சொல்வார். அதைச் சொல்லிச் சொல்லியே அவர் தன் மனசாட்சியைத் தூங்கவைத்திருந்தார்.

முதல் நாள் அத்தான் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அக்கா வெளியே பெஞ்சில் இருந்தாள். நடுவில் தபால்காரி இல்லாததால் நான்தான் பேச வேண்டியிருந்தது. இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை "திறங்க". இரண்டாவது வார்த்தை "கடிங்க". அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திறந்தார், கடித்தார். நீலம் இடப்பக்கம் இரண்டு பல்லில் கரியாக அப்பியிருந்தது. நான் மெஷினை எடுத்து வலப்பக்கம் தேய்த்தேன். வலப்பக்கம் தேயத் தேய இடப்பக்கம் இன்னும் உயரும் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சத்தம் கேட்டது, தூள் பறந்தது, வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நன்றி என்று கை கூப்பினார்.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். நான் போட்ட பல்லில் இருந்த சொல்லும் போயிற்று. ஒரு பக்கம் முட்டுவதால் செட் ஆடியது, ஆடியதால் "ச" என்று ஆரம்பிப்பதெல்லாம் விசிலாக வந்தது. ரயிலைப் பற்றிப் பேசியவர் ரயில் மாதிரியே ஊதினார். ஒரு வாய் மென்றால் ஈறு பிய்ந்தது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விழுங்கினார், அவித்த முட்டையை நசுக்கிக் கொடுத்தால் பாதியில் தட்டைத் தள்ளினார். நான் எதிரில் உட்கார்ந்து ஆப்பிளைக் கடித்து, நிதானமாக மென்று தின்றேன். அது எனக்குத் தித்தித்தது, மறைக்க மாட்டேன்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலையில் வருவார். கிளினிக் முதல் மாடி, இருபத்திரண்டு படி. முதல் வாரம் ஒரு மூச்சில் ஏறினார். இரண்டாவது வாரம் நடுவில் ஒரு தடவை நின்றார். நாலாவது வாரம் மூன்று தடவை நின்று, கடைசியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பின் அறையில் இருந்தபடி காலடிச் சத்தத்தை வைத்தே எண்ணிக்கொண்டிருந்தேன். எடை ஐம்பத்தைந்து ஆயிற்று. பிறகு ஐம்பத்து மூன்றரை, பிறகு ஐம்பத்திரண்டு. ஐந்தாவது வியாழனும் வந்தார், அதே நீலம், அதே வலப்பக்கம். எனக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எனக்குச் சாதகமாகவே பேசிக்கொண்டிருந்தான். நான் என்ன விஷமா வைத்தேன்? புதுப் பல் பழக நாளாகும்தானே? வாராவாரம் வேலை மெனக்கெட்டுத் தேய்த்துத்தானே தருகிறேன்? நானா கொல்லப்போகிறேன்? இன்னும் ஒரே ஒரு வாரம், அடுத்த வாரம் சரி செய்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு வாரமும் அனுப்பினேன்.

அந்த ஐந்தாவது வியாழனுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா தனியாக வந்தாள். டாக்டரம்மா சாப்பிடப் போயிருந்தார். அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள், அப்படிக் கொண்டுவருகிற வழக்கமே கிடையாது. பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, பிளாஸ்டர் தாடைகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். கேட்கப்போகிறாள், ஏன்டி இப்படிச் செய்தாய் என்று அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடித்துவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். போன வாரம் கடைத்தெருவில் புதிதாக வந்திருக்கிற ஒரு பல் டாக்டரிடம் அவரை அழைத்துப் போனாளாம். அவரும் நீலத் தாளை வைத்துப் பார்த்தாராம். அத்தானை வெளியே உட்காரவைத்துவிட்டு இவளிடம் மட்டும், இடப்பக்கம் உயரம், வலப்பக்கம் தேய்க்கக் கூடாததைத் தேய்த்திருக்கிறார்கள், அரை மணி நேர வேலை, சரி செய்யட்டுமா என்று கேட்டாராம்.

"நான் வேண்டாம்னுட்டேன்" என்றாள் அக்கா.

காரணத்தையும் அவளே சொன்னாள்.

"வீட்டு விஷயம் வெளிய எதுக்குன்னுதான். நீ பட்டது உனக்குத்தானே தெரியும் குட்டி. உன் கோபத்துல நியாயம் இருக்கு. உன்னை நான் தப்பா நினைக்கல."

பிறகு குரலை இன்னும் தாழ்த்தினாள். "ஆபரேஷன் ஆனா ஆறு மாசம் படுக்கைங்கறாங்க. யாரு தூக்கறது, யாரு துடைக்கறது? என் இடுப்புக்கு ஆகுமா சொல்லு. எடை ஏறலேன்னா மருந்துலயே ஓட்டுங்கன்னு பெரிய டாக்டரே சொல்லிடுவார். அப்புறம் அவர் விதி. நாம என்ன கொல்லவா போறோம்?"

என் மனத்துக்குள் ஐந்து வாரமாக நான் ஓட்டிக்கொண்டிருந்த வசனம் அவள் வாயில் இருந்து வந்தது. கேட்க அருவருப்பாக இருந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உனக்காகத்தான் நான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன் என்று விசும்பினாள். அந்த விசும்பல் எனக்குப் பழைய பேச்சு ஒன்றை நினைவுக்குக் கொண்டுவந்தது.

ஒன்றை நான் இதுவரை சொல்லவில்லை. உங்களிடம் மட்டுமல்ல, எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை. அன்று மாப்பிள்ளையின் அம்மா எங்களை வாசலில் நிறுத்திப் பேசும்போது, போன் செய்தது யார் என்று நான் கேட்டேன். "பேரு சொல்லல. ஒரு பொம்பளை. அழுதுக்கிட்டே சொன்னா" என்றாள். நான் கேட்டேன், காது நன்றாகவே கேட்டது. வீடு திரும்புவதற்குள் அந்தப் பொம்பளையை நான் அத்தானின் ஆபீசில் வேலை பார்க்கிற யாரோ ஒருத்தியாக மாற்றிவிட்டேன். அவர்தான் சொல்லிப் பேசவைத்திருப்பார் என்று முடிவு கட்டிவிட்டேன். அழுதவள் யார் என்று யோசித்தால் அக்காவை வெறுக்க வேண்டும். அக்காவை வெறுத்துவிட்டு நான் எங்கே போவேன்? காய்ச்சல் என்று படுத்தால் நெற்றியில் கை வைக்க எனக்கு வேறு யார் இருந்தார்கள்? வெறுப்பதற்கு அவர் வசதியாக இருந்தார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் நொந்துகொண்ட ஆள் அம்புகூட இல்லை, சும்மா பக்கத்தில் நின்றவர்.

அக்கா பாத்திரத்தைத் திறந்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடு என்றாள். சாப்பிட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். கேட்டால் இல்லை என்பாள், மறுபடி அழுவாள், நானும் மறுபடி நம்பிவிடுவேன். அதனால் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தனுப்பினேன். உள்ளே கொதித்த கொதிப்பில், அன்று இரண்டு பிளாஸ்டர் தாடையைக் கைதவறி உடைத்தேன்.

வியாழக்கிழமை அவர் வந்தார். படியில் நாலு தடவை நின்றார். இந்த முறை எண்ணும்போது எனக்கு இனிக்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, பல்லைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். பல் இல்லாத வாய் உள்ளே இழுத்துக்கொண்டு, முகம் சின்னதாகத் தெரிந்தது. அப்போது கேட்டேன்.

"அன்னைக்கு அவங்க வீட்டுக்குப் போன் பண்ணது யாரு?"

எந்த வீடு, எந்தப் போன் என்று அவர் கேட்கவில்லை.

"உங்கக்காதான்" என்றார். வார்த்தை குழறினாலும் புரிந்தது. "நான் பக்கத்துலதான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன்."

"நீங்க தடுக்கல."

"தடுக்கல. நீ போயிட்டா உங்கம்மாவை யாரு பாக்கறதுன்னு அவ கேட்டா. என்கிட்ட பதில் இல்ல. நீ இருந்தா எனக்கும் சௌகரியம்தான்."

"பழியை ஏன் சுமந்தீங்க?"

"நீ பேசாம இருந்தது ஒண்ணும் பெரிய கஷ்டமா இல்ல குட்டி. சாப்பாடு நேரத்துக்கு வந்துச்சு."

இதைச் சொல்வதற்கு அவர் வெட்கப்படவில்லை, நல்லவர் வேடமும் போடவில்லை. நாற்பது வருடம் குடித்தனம் நடத்தின அலுப்போடு சொன்னார். ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. கூடவே, இந்த மனிதரிடம் இருப்பது இந்த அளவுக் கெட்ட குணம்தான் என்பதும் தெரிந்தது. இதற்காகவா இருபத்திரண்டு படியில் நாலு தடவை நிற்கவைத்தேன்? ஐந்து வாரமாக நான் உங்களைப் பட்டினி போட்டேன், நீங்கள் கேஸ் போட்டால் மாட்டிக்கொள்வேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அதற்கு இது ஒன்றுதான் நேரம். நான் சொல்லவில்லை. "திறங்க" என்றேன்.

நீலத் தாளை வைத்தேன், கடித்தார். நீலம் பட்ட இடத்தில் தேய்த்தேன். வலப்பக்கம் வீணாகத் தேய்த்திருந்ததால் இடப்பக்கத்தை நிறையவே இறக்க வேண்டியிருந்தது, முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி முறை தாளை எடுத்தபோது இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் புள்ளியாக, ஒரே சீராக நீலம் விழுந்திருந்தது. மாட்டிக் கொடுத்தேன். அவர் கடித்தார், வாயை அசைத்தார், நாக்கால் சுற்றிலும் தடவிப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார், விசில் இல்லாமல். பிறகு கண் கலங்கிவிட்டார். "உன் கையே தனி. அஞ்சு வாரமா பாடுபட்டு எப்படியோ சரி பண்ணிட்டே." டாக்டரம்மா கதவு வழியே தலையை நீட்டி ஓகேயா என்றார். ஓகே டாக்டர் என்றேன். அந்தப் பாராட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்று வீட்டில் அவர் கறியும் ரொட்டியும் தின்றார். மறுபடி கேட்டு வாங்கித் தின்றார். அக்கா தட்டை வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். பல் பழகிவிட்டது போலிருக்கிறதே என்றாள். பழகிவிட்டது என்றேன். எடை மாதத்துக்கு மூன்று கிலோ ஏறியது. மூன்றாவது மாதம் அறுபதரை காட்டினார். ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது, நல்லபடியாகவும் முடிந்தது. தையல் ஆறும்வரை ஆளை உட்காரவைக்க ஒரு கை, துடைக்க ஒரு கை வேண்டும், கை ஊன்றி எழவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த மூன்று மாதத்துக்குள் நான் கிளினிக்குக்குப் பின்தெருவில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தேன். சின்ன அறை, ஒரு ஜன்னல், சமைக்க ஒரு மேடை. அடுத்த வாரமே போயிருக்கலாம், போகவில்லை. அவர் வீட்டுக்கு வருகிற நாள் வரட்டும் என்று காத்திருந்தேன். ஏன் போகிறாய் என்றவர்களிடமெல்லாம், எனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டாமா, இப்போதாவது வேண்டாமா என்றேன். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். ஆனால் நாள் பார்த்துத்தான் வைத்தேன். எந்த வேலைக்குப் பயந்து அக்கா என்னைக் கட்டிப்போட்டாளோ, அந்த வேலை அவள் கையிலேயே முழுசாக வந்து விழுகிற நாளாகப் பார்த்து வைத்தேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள். காலை பத்து மணி இருக்கும். நான் இரண்டு பெட்டியையும் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இப்பவா போறே? நான் ஒருத்தி எப்படிப் பாத்துக்குவேன்?"

"அம்மாவை நான் ஒருத்திதானே பாத்தேன்."

"அது வேற குட்டி."

"போன் பண்ணதும் வேறயா?"

அழ ஆரம்பிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. அவளை அழாமல் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து, நல்ல தெளிவாகப் பேசினாள். "ஆமா, பண்ணேன். நீ மட்டும் என்ன? அந்தப் பல்லு சமாசாரத்தை இப்பவே உள்ள போய் அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லு. இன்னொரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் வேண்டாம்னு நீ சொன்னதையும் சேர்த்துச் சொல்லு."

கதவை விட்டு அவள் விலகினாள். எனக்கு உடம்பெல்லாம் தித்திப்பு ஏறியது. இருபத்து மூன்று வருடம் காத்திருந்தது இந்த விலகலுக்குத்தான் என்று நினைத்தேன். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். இன்னொன்றுக்குக் குனியும்போது உள்ளே இருந்து அவர் கூப்பிட்டார்.

"குட்டி, கொஞ்சம் தூக்கி உக்கார வையேன். மூச்சு முட்டுது."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரும் நின்ற இடத்தில் நின்றோம். அவள் போகட்டும் என்று நான் நின்றேன். நான் போய்விடுவேன் என்று அவள் நின்றாள். அவர் மறுபடி கூப்பிட்டார், இந்தத் தடவை சத்தம் குறைவாக இருந்தது. நான் பெட்டியோடு படியிறங்கினேன். செய்தது நியாயம்தான், எனக்கு அளந்த படியாலேயே திருப்பி அளந்திருக்கிறேன் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டு இறங்கினேன். தெருவுக்கு வந்தபோது ஜன்னல் வழியாக மூன்றாவது தடவையும் கேட்டது. மூன்று தடவையும் அவர் அக்காவைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டார்.